எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டியவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் முருகையா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சமயப் பெரியவர்களே, மக்கள் தொடர்பு மன்றத்தின் தோழர்களே, இன்றைய வேலையை விட்டுவிட்டு ஸ்பிரிங்வெளியிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் வெள்ளைப்பாறையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, பதுளைக் கடைத்தெரு நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் இராக்கம்மா அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பேசத் தொடங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மைக் இரையவில்லை. கீச்சிடவில்லை. வாசலுக்கு வெளியே குடையோடு நிற்பவர்களுக்கும் என் குரல் கேட்கிறது. காரணம், இது வீரசிங்கம் சவுண்ட்ஸின் மைக். இன்று காலை இதைக் கட்டியது அவருடைய மகள் ஜெயந்தினி. தகப்பனுடைய இரங்கல் கூட்டத்துக்கு மகள் ஏன் வயர் இழுக்க வேண்டும், வேறு ஆளைப் பிடிப்போமே என்று நாங்கள் சொன்னோம். அந்தப் பிள்ளை கேட்கவில்லை.

"வேற ஆளு கட்டி கீச்சுன்னு சத்தம் வந்தா அப்பாவுக்குப் புடிக்காது மாமா" என்றது.

அப்படிப்பட்ட வீட்டில் நான் அழுதுகொண்டு பேச முடியுமா? ஜெயந்தினியின் தாய் இராக்கம்மா அக்காவிடம் அனுமதி கேட்கிறேன். இன்று கொஞ்சம் சிரிக்கலாமா? அக்கா தலையாட்டுகிறார். போதும். இனி யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் மர்ஸூக். கடைத்தெருவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வீரசிங்கம் அண்ணன் என் கடைக்கு முதன்முதலில் வந்தது வயர் வாங்க. எங்கள் ஆட்கள் மூத்த சகோதரனைக் கூப்பிடுவது போல அன்று அவர் என்னை 'நானா' என்று கூப்பிட்டார். நான் அவரை 'அண்ணன்' என்றேன். அவர் என்னைவிட மூத்தவர் என்பது என் கட்சி. நான்தான் மூத்தவன் என்பது அவர் கட்சி. போன வாரம், ஒரு கல்யாண வீட்டுக்கு மைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்தவர் எழும்பாமலே போனாரே, அன்றுவரை அந்த வழக்கு தீரவில்லை.

அவர் தொழில் உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவா, வீரசிங்கம் சவுண்ட்ஸ். பாடசாலை விளையாட்டுப் போட்டியா, வீரசிங்கம் சவுண்ட்ஸ். பள்ளிவாசல் கந்தூரியா, அதற்கும் வீரசிங்கம் சவுண்ட்ஸ். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் பண்டாரவளையில் ஒரு கட்சிக்கு மைக் கட்டுவார், மாலையில் பதுளையில் அதற்கு எதிர்க்கட்சிக்குக் கட்டுவார். எந்தக் கொடியென்று பார்த்ததில்லை. ஆனால் ஒன்று. மேடையில் ஏறியவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மேடைக்குக் கீழே, ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருப்பார். ஊவா மாகாணத்தில் எல்லாக் கட்சியின் வாக்குறுதியையும் முழுதாகக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

அப்படிக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர் எப்போது பேசத் தொடங்கினார்? அதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

அண்ணனின் சொந்த இடம் வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. அங்கே ஆட்கள் குடியிருக்கும் லயம், கோயில், சின்னப் பாடசாலை எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரோடு இந்தப் பக்கம். நடுவில் பழைய பாலமொன்று இருந்தது. சில வருடங்களுக்கு முன் பெய்த பெருமழையில் அது போய்விட்டது. அதன்பிறகு ரோட்டுக்கு வர இரண்டே வழி. ஒன்று, தண்ணீர் குறைந்திருந்தால் கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடப்பது. இல்லாவிட்டால் மலையைச் சுற்றி நடப்பது.

அந்த மழைக்காலத்திலேயே இராக்கம்மா அக்காவின் தம்பி மகள் தனுஜாவுக்குப் பிரசவ வலி வந்தது. ஆற்றில் இறங்க முடியாத அளவுக்கு வெள்ளம். நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றிப் போனார்கள். பாதி வழியில் நாற்காலியை இறக்கச் சொன்னாள். தேயிலைக் கொழுந்து மலைக்கு நடுவே, பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, இராக்கம்மா அக்கா குடை பிடிக்க, பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், மகளும் சுகம். அந்த மகள் இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடமாவது சும்மா இருந்தாளா என்று பாருங்கள்.

இன்று நாம் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் அண்ணன் என் கடைக்கு வந்தார். வயர் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானா, இந்தப் பால விசயத்த யாருகிட்ட பேசணும்?"

"ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளுங்க இருக்காங்கதானே. அவங்ககிட்டதான்."

அண்ணன் போனை வெளியே எடுத்தார். "அவங்க நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு நானா. மைக் வேணும்னா அவங்க எனக்கு கோல் எடுப்பாங்க. நான் அவங்களுக்கு எடுத்ததே இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நம்முடைய மன்றம் பிறந்தது. என் கடையின் பின்னறையில், பல்புப் பெட்டிகளுக்கு நடுவில் பிறந்தது.

மறுநாளே எம்.பி.க்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், நான் சவுண்ட்ஸ் வீரசிங்கம் பேசுறேன்."

"என்ன வீரசிங்கம், இப்ப கூட்டம் ஒன்னும் இல்லையே."

"கூட்டம் இல்ல சார். பாலம்."

எம்.பி. பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது பிரதேச சபையின் வேலை என்றார். அண்ணன் பிரதேச சபையின் தலைவரான தவிசாளருக்கு அழைத்தார். அவரோடு சிங்களத்தில் பேச்சு. அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது தோட்டத்துக் காணி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான் செய்ய வேண்டும் என்றார். அண்ணன் துரையிடம் போனார். துரையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பாலத்தைக் கட்டியது அரசாங்கம், தோட்டம் அல்ல என்றார். மூன்று பேர். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் பொறுமைசாலிகள். பாலம் மட்டும் இல்லை.

வேறொருவராயிருந்தால் என்ன செய்திருப்பார்? ஏசியிருப்பார். அல்லது காலில் விழுந்திருப்பார். அண்ணன் இரண்டையும் செய்யவில்லை. எங்களையும் செய்ய விடவில்லை.

"நாம வச்ச ஆளுங்க நானா அவங்க. கெஞ்சவும் வேணாம், ஏசவும் வேணாம். சொல்லணும். சொல்லிக்கிட்டே இருக்கணும்."

சொல்லிக்கொண்டே இருந்தார். வாரத்துக்கு ஒரு முறை மூன்று பேருக்கும் அழைத்தார். தான் மட்டும் பேசினால் போதாது என்று மற்றவர்களையும் பேச வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைப் பின்னறை பள்ளிக்கூடமாயிற்று. பேரைச் சொல்லு, எந்தத் தோட்டமென்று சொல்லு, ஒரே ஒரு விசயத்தைச் சொல்லு, திரும்ப எப்போது எடுக்கட்டும் என்று கேளு. அவ்வளவுதான் பாடம்.

வெள்ளைப்பாறை அங்கம்மா அக்கா இங்கே இருக்கிறார்களா? அதோ இருக்கிறார்கள். கோபிக்கக் கூடாது அக்கா. முதல் நாள் அக்கா எம்.பி.யின் நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த இலக்கத்துக்குத் தற்போது தொடர்பு கொள்ள முடியாது என்றது. அக்கா விடவில்லை. பாலம் போனதைச் சொன்னார், பிள்ளைகள் நனைவதைச் சொன்னார், தன் முழங்கால் வலியையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் குரல் சிங்களத்தில் சொல்லியது, ஆங்கிலத்தில் சொல்லியது. அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"இந்தப் பொம்பளைக்கு மூணு பாசை தெரியுது, ஒரு வார்த்த கேக்கத் தெரியலையே அண்ணே."

அண்ணன் சிரித்ததில் பல்புப் பெட்டியொன்று கீழே விழுந்தது. ஆனால் அதே அங்கம்மா அக்காதான், இரண்டு மாதம் கழித்து எம்.பி.யின் செயலாளரோடு வீட்டுச் சுகம் விசாரித்துப் பேசுமளவுக்கு வந்தார். எம்.பி. எந்த நாளில் பதுளையில் இருப்பார், எந்த நாளில் கொழும்பில் இருப்பார் என்பதை அக்காவிடம் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

இவ்வளவு அழைத்தும் பாலம் வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தில் இருந்து அடுத்தவரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களை எப்படி ஒரே இடத்தில் நிறுத்துவது? அண்ணன் யோசித்தார். கீழ்ப்பிரிவு அம்மன் கோயில் திருவிழா வந்தது. எம்.பி.க்கு அழைத்தார்.

"சார், நம்ம திருவிழாவுக்கு நீங்க அதிதியா வரணும்."

"வேற யார் வர்றாங்க வீரசிங்கம்?"

"தவிசாளர் வர்றாரு சார்."

எதிர்க்கட்சித் தவிசாளர். "அப்படின்னா நான் கட்டாயம் வர்றேன்."

தவிசாளரிடமும் இதே உண்மையைத்தான் சொன்னார். எம்.பி. வருகிறார் என்றார். அவரும் கட்டாயம் வருவதாகச் சொன்னார். இந்த இரண்டு பேரும் வந்தால் துரை வராமல் இருப்பாரா?

திருவிழா நாள். மூன்று வாகனங்கள் ரோட்டு முடிவில் வந்து நின்றன. வெற்றிலைத் தட்டோடு இந்தக் கரையில் நான் நின்றேன். அந்தக் கரையில் பந்தல், வாழைமரம், மேடை, மேடையில் மூன்று நாற்காலி, மாலையோடு பெண்கள், மேளம். நடுவில் ஆறு. அன்று தண்ணீர் முழங்காலளவுதான். பாதுகாப்புக்கு இளைஞர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். அண்ணன் ஆற்றுக்கு மேலால் வயர் இழுத்து, எங்கள் தலைக்கு நேரே மரத்தில் இரண்டு புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். அதிலிருந்து அவர் குரல் வந்தது.

"வருகை தந்திருக்கும் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களையும், கௌரவ தவிசாளர் அவர்களையும், மதிப்புக்குரிய துரை அவர்களையும் மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்."

தமிழில் ஒருமுறை. சிங்களத்தில் ஒருமுறை. பாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே அழைப்பு, அதே மரியாதை.

எம்.பி. என்னைப் பார்த்தார். "மேடைக்கு எந்தப் பக்கமா போறது முதலாளி?"

"இந்தப் பக்கமாத்தான் சார்" என்று ஆற்றைக் காட்டினேன்.

"பாலம்?"

"அதுக்குத்தான் சார் அண்ணன் உங்களுக்கு கோல் எடுத்துக்கிட்டே இருந்தாரு."

அவர் கோபப்பட்டிருக்கலாம். வாகனத்தைத் திருப்பியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்த நேரம் எங்களுக்குப் பின்னால் இருந்து, பூத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். சேலையை இடுப்பில் செருகினார்கள். தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து, பேசிக்கொண்டே அந்தக் கரைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது தினப்படி வழி. எம்.பி. அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அதைப் பார்த்த தவிசாளர் தன் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டினார். துரை மட்டும் சப்பாத்தோடு இறங்கினார். பாதி ஆற்றில் எம்.பி.க்குக் கல் வழுக்கியது. விழப் போனவரைத் தவிசாளர் பாய்ந்து பிடித்தார். பிடித்த கையை விட்டால் தானும் விழுந்துவிடுவார் என்பதால் கடைசிவரை விடவில்லை. தேர்தல் மேடைகளில் ஒருவரை ஒருவர் பேசிய பேச்செல்லாம் கேட்ட மனிதர் அண்ணன். அவர் கண்முன்னால் இந்த இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கரையேறினார்கள். மேளக்காரர்கள் அடித்த அடி மலைக்கு அப்பால் கேட்டிருக்கும்.

மேடையில் எம்.பி. மைக்கைப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது.

"நான் பேச நெனச்சிட்டு வந்தது வேற. அத விடுங்க. தவிசாளர், நீங்க பிளான போடுங்க. என்னோட நிதியில நான் பணம் ஒதுக்குறேன்."

தவிசாளர் துரையைப் பார்த்தார். "காணிக்கு அனுமதி?"

துரை சப்பாத்திலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். "தர்றேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அண்ணன் மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டியிருந்தார். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டியிருந்தார். எல்லா லயத்துக்கும் கேட்டது.

பாலம் மறுநாள் வந்துவிட்டதா? இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் போனது. வாராவாரம் அழைப்புத் தொடர்ந்தது. பிளான் எங்கே, சீமெந்து எப்போது, ஏன் வேலை நிற்கிறது. சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பாலம் வந்தது. வேன் போகக்கூடிய பாலம். திறப்பு விழாவில் மூன்று பேரும் பேசினார்கள். அண்ணன் மேடைக்குக் கீழே, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்த விழாவைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. சில வாரம் கழித்து, என் கடையிலிருந்து எம்.பி.க்கு அழைத்தார். எம்.பி.யின் குரலில் களைப்பு.

"சொல்லுங்க வீரசிங்கம். இப்ப என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம் சார். இன்னிக்கு நம்ம பாலத்துல கல்யாண வேன் ஒன்னு போச்சு. பொண்ணு சேல நனையாம போச்சு. அத உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அதான்."

எம்.பி. சொன்னார்: "வீரசிங்கம், எனக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ கோல் வருது. இப்படி ஒன்னு வந்ததே இல்ல."

நண்பர்களே, கேட்பதற்கு எல்லோரும் அழைக்கிறோம். கிடைத்த பிறகு யார் அழைக்கிறோம்? அண்ணன் அழைத்தார். அதனால்தான் அவர் நம்பரைக் கண்டதும் எடுத்தார்கள்.

பிறகு ஆட்கள் மாறினார்கள். தேர்தல்கள் வந்தன, போயின. தேர்தல் முடிந்த கையோடு, வென்றவர் எந்தக் கட்சியானாலும், அண்ணனிடமிருந்து வாழ்த்து போகும். வாழ்த்தோடு புது நம்பரும் வாங்கிவிடுவார். மாகாண சபைத் தேர்தல் நடக்காமல் இழுபட்டது மட்டும் அவருக்கு ஆறவேயில்லை. "ஆளே இல்லாத வீட்டுக் கதவ எப்படி நானா தட்டுறது?" என்று என்னிடம் கேட்பார். அந்தத் தேர்தலை எப்போது வைப்பீர்கள் என்று கேட்பதற்கும் எம்.பி.மாருக்கு அழைக்கத் தொடங்கினார்.

கடைசியாக அவர் கையில் எடுத்தது வாகைமலைத் தோட்டத்து பஸ். அது அவர் பிறந்த தோட்டமல்ல, உறவுக்காரர் இருக்கும் தோட்டமுமல்ல. அங்கிருந்து பதுளைக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காலையில் பஸ் இல்லை என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். புதிய எம்.பி.யிடம் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லப் போவது அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் நடந்தது. துக்க வீட்டில் நானும் அதிபர் முருகையாவும் இருந்தோம். வீடு நிறைய ஆட்கள். அண்ணனின் போன் அடித்தது. யாரும் எடுக்கத் துணியவில்லை. இராக்கம்மா அக்கா எழுந்து போய் எடுத்தார். அந்தப் போனில் எப்போதும் ஸ்பீக்கர் போட்டபடிதான் இருக்கும்.

"ஹலோ, வீரசிங்கமா?"

"அவரு சம்சாரம் பேசுறேங்க."

"அம்மா, நான் எம்.பி. பேசுறேன். வாகைமலை பஸ் சரியாயிருச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. வர்ற திங்கட்கிழமையில இருந்து காலையில ஓடும்."

மரணச் செய்தி எம்.பி.க்குப் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. அக்கா நிதானமாகச் சொன்னார்.

"அவரு தவறிட்டாருங்க. முந்தாநாள்தான் அடக்கம் செஞ்சோம்."

எம்.பி. தடுமாறிப் போனார். மிகவும் வருந்தினார். நேரில் வருவதாகச் சொன்னார். மன்னிக்க வேண்டும் அம்மா, இந்த நேரத்தில் தொந்தரவு செய்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைக்கப் போனார்.

"வச்சிராதீங்க சார்" என்றார் அக்கா. "காலையில போற பஸ் சரி. பிள்ளைங்க ஸ்கூல் விட்டுத் திரும்பி வர்றதுக்கு பஸ் எத்தன மணிக்கு?"

"அது... அதப்பத்தி இன்னும் பேசலம்மா."

"அப்ப பேசிட்டு எடுங்க. நான் வீட்டுலதான் இருப்பேன். நீங்க எடுக்கலைன்னா வியாழக்கிழமை நான் எடுக்குறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பிய அக்கா, நாங்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்னா? போன புள்ளைங்க திரும்பி வர வேணாமா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது ஜெயந்தினி. பிறகு அதிபர். பிறகு அந்த வீடே சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதோம். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை அக்கா அழைக்க வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமையே எம்.பி. அழைத்துவிட்டார். பாடசாலை விட்டதும் பதுளையிலிருந்து திரும்பி வருவதற்கும் பஸ் உண்டு.

அவையோரே, மன்றத்தின் சார்பில் ஒரு முடிவைச் சொல்லி அமர்கிறேன். அண்ணன் இருந்த தலைவர் இடம் காலியாக இல்லை. நேற்று என் கடைப் பின்னறையில் கூடினோம். யார் பெயரையும் யாரும் முன்மொழியவில்லை. எல்லோரும் இராக்கம்மா அக்காவைப் பார்த்தோம். அக்கா, "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குங்க கூட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டு வாங்கிய பஸ்ஸில் ஆள் ஏறாவிட்டால் என்னாகும்? ஒரு மாதம் பார்ப்பார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் நான் கடையைப் பிந்தித் திறப்பேன். முந்தின நாளே வாகைமலைக்குப் போய்த் தங்குகிறேன். அதிபர் வருகிறார். அங்கம்மா அக்கா முழங்கால் வலியோடு வருகிறார். இராக்கம்மா அக்கா முன்னுக்கு நிற்பார். வரக்கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நாம் நின்றுகொண்டு வருவோம். ஒவ்வொருவரும் டிக்கெட் எடுப்போம். நன்றி, வணக்கம்.